அவர்கள் போட்ட நாற்பதாயிரம் யாருடைய பணம்?

பல்லடம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து 49 வயது வாசகி ஒருவர் எட்டுப் பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டு, சுருக்கம் மட்டும் இங்கே.

வீட்டோடு எட்டு விசைத்தறி, கூலி நெசவு. பாவு இறக்குவதும் துணி ஏற்றி அனுப்புவதும் கணவர் வேலை. வங்கிக் கணக்கும் மகளிர் குழு வரவு செலவும் இவர் கையில். மூன்று வாரத்துக்கு முன் இவருடைய வாட்ஸ்அப்புக்கு ஒரு படம் வந்தது. கே.பி.சி. (கோன் பனேகா குரோர்பதி) என்ற இந்தி டி.வி. வினாடி வினா நிகழ்ச்சியின் முத்திரை, அசோகச் சின்னம், ஒரு 'லாட்டரி எண்', நடுவில் பெரிய எழுத்தில் 25,00,000. அகில இந்திய சிம் கார்டு குலுக்கலில் உங்கள் எண்ணுக்குப் பரிசு என்று கூடவே ஒரு குரல் பதிவு. மேனேஜர் என்று பேசியவருக்குத் தமிழ் அரைகுறை. இரண்டு நாளில் நல்ல தமிழ் பேசும் ஒரு பெண்ணும் சேர்ந்துகொண்டார். பதிவுக் கட்டணம் 8,200 ரூபாய், ஜி.எஸ்.டி. 15,500, ரிசர்வ் வங்கி அனுமதி 24,800 என்று மூன்று தவணையில் 48,500 ரூபாய் போய்விட்டது. முதல் இரண்டும் கூகுள் பே வழியாக. மூன்றாவது, செல்போன் கடையில் ரொக்கம் கொடுத்து, கடைக்காரர் தன் கணக்கிலிருந்து அனுப்பியது. ஆதார், பான் கார்டு, பாஸ்புக் முதல் பக்கம் மூன்றையும் படம் எடுத்து அனுப்பியாயிற்று. கல்லூரியில் படிக்கும் மகனின் மின்னஞ்சலுக்கு, ரிசர்வ் வங்கி கவர்னர் கையெழுத்து என்று ஒன்றைப் போட்டு, 'ஒப்புதல் கடிதம்' வந்தது.

போன வெள்ளிக்கிழமை இவர் கணக்கில் 40,000 ரூபாய் ஏறியது. "பரிசின் முன்பணம், அவசரத்தில் முன்னாடியே வந்துவிட்டது. 37,000 ரூபாயை நாங்கள் சொல்லும் கணக்குக்குத் திருப்பிவிடுங்கள், மீதி 3,000 உங்களுக்கு" என்றார்கள். இவரும் அப்படியே செய்தார். இப்போது கடைசிக் கட்டணம், வருமான வரி 38,000 என்கிறார்கள்.

அவர் கேட்பது இவை. "ஏனுங்க, ஏமாத்தறவங்களா இருந்தா எதுக்குங்க எங்கணக்குல நாப்பதாயிரம் போடோணும்?" சொசைட்டியில் நகையை வைத்து அந்த 38,000-ஐக் கட்டலாமா? ஏமாற்று வேலைதான் என்றால், வீட்டுக்காரருக்குத் தெரியாமல் வங்கியிடமிருந்து பணத்தைத் திரும்ப வாங்க முடியுமா? தமிழ்நாட்டில் லாட்டரிக்குத் தடை இருக்கிறதே, புகார் கொடுத்தால் தன் மேலேயே கேஸ் வந்துவிடாதா?

வழக்கறிஞரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கட்டாதீர்கள். நகை பீரோவிலேயே இருக்கட்டும். பரிசு எதுவும் இல்லை. 38,000 கட்டினால் அடுத்ததாக 'காப்பீட்டுக் கட்டணம்' என்றோ 'கணக்கு சரிபார்ப்பு' என்றோ இன்னொன்று வரும். நீங்கள் நிறுத்தும்வரை 'கடைசிக் கட்டணம்' வந்துகொண்டேதான் இருக்கும். இதுவரை 48,500 போட்டாயிற்றே, இதையும் போட்டால் மொத்தமாக வந்துவிடுமே என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கணக்கை உங்களைப் போட வைப்பதற்குத்தான் முதல் கட்டணத்தை 8,200 என்று சின்னதாக வைத்தார்கள். எடுத்த எடுப்பில் 38,000 கேட்டிருந்தால் போனை வைத்திருப்பீர்கள்.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது போன 48,500 அல்ல. நல்ல செய்தி என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்களே, உள்ளே வந்த அந்த 40,000, அதுதான்.

அந்த நாற்பதாயிரம்

அது அவர்களுடைய பணம் இல்லை. உங்களைப் போலவே எங்கோ ஓர் ஊரில் ஒருவர் 'கட்டணம்' என்று நம்பிக் கட்டிய பணம். நீங்கள் கட்டிய 8,200 எந்தக் கணக்குக்குப் போனது என்று கூகுள் பேயில் பாருங்கள். ஒரு தனி ஆளின் பெயர் இருக்கும். அவரும் பாஸ்புக் படத்தை அனுப்பிய இன்னொருவராக இருக்கலாம், கமிஷனுக்குக் கணக்கை வாடகைக்கு விட்டவராகவும் இருக்கலாம். இந்த மோசடியில் கணக்கு இல்லாமல் எதுவும் நடக்காது. தங்கள் பெயரில் கணக்கு வைத்தால் பிடிபடுவார்கள். அதனால் பணத்தை நாலைந்து பேர் கணக்கில் ஏற்றி இறக்கி, கடைசியில் எங்கோ ஓர் ஏ.டி.எம்.மில் எடுப்பார்கள். அந்தச் சங்கிலியில் வெள்ளிக்கிழமை அன்று உங்கள் கணக்கு ஒரு கண்ணி ஆகிவிட்டது. 37,000 அடுத்த கண்ணிக்குப் போனது. 3,000 உங்கள் வாயை அடைக்க. கூடவே அவர்களுக்கு இன்னொரு லாபமும் கிடைத்தது: 'பணம் போடுகிறார்களே' என்ற நம்பிக்கை உங்களுக்கு வந்துவிட்டது. ஆக, உங்கள் முதல் கேள்விக்குப் பதில் இதுதான். கைக்காசு ஒரு பைசா போடாமல் இரண்டு வேலையை முடித்துக்கொண்டார்கள்.

அந்த 40,000-ஐ இழந்தவர் அவர் ஊரில் புகார் கொடுத்தால், அந்தப் பரிவர்த்தனை எண்ணைப் பின்தொடர்ந்து வங்கி முதலில் வந்து நிற்பது உங்கள் கணக்கில். அந்தத் தொகை மட்டும் முடக்கப்படலாம்; சில சமயம் கணக்கே முழுதாக முடங்கும். அதே கணக்கில்தான் தறிக் கூலியும் குழுக் கடனும் வருகிறது என்கிறீர்கள். வேற்று மாநிலப் போலீஸ் முடக்கியிருந்தால் விடுவிக்க அந்த ஊர் விசாரணை அதிகாரியோடு எழுதிக்கொண்டிருக்க வேண்டும். பனியன் கம்பெனிக்கு ஜாப் வொர்க் செய்கிறவர்கள் கணக்கு முடங்கி, ஆட்களுக்குச் சனிக்கிழமைச் சம்பளம் கொடுக்க முடியாமல் நிற்பது இந்தப் பக்கத்தில் புதிதில்லை.

சட்டப்படி உங்கள் நிலை என்ன? இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ம் பிரிவு, ஏமாற்றிப் பெற்ற சொத்தையும் திருட்டுச் சொத்தோடு சேர்த்துத்தான் சொல்கிறது. அப்படிப்பட்டது என்று தெரிந்தோ, நம்பக் காரணம் இருந்தோ நேர்மையில்லாமல் வாங்கினால் மூன்று ஆண்டு வரை சிறை. 'தெரிந்து' என்ற சொல்தான் உங்களைக் காப்பது. வெள்ளிக்கிழமை உங்களுக்குத் தெரியாது. உங்கள் வாட்ஸ்அப் உரையாடலே அதற்குச் சாட்சி. ஆனால் இந்தப் பதிலைப் படித்த பிறகும் இன்னொரு தொகை வந்து, அதை நீங்கள் திருப்பிவிட்டால் 'தெரியாது' என்று சொல்ல முடியாது. ஆகவே அந்த 3,000-ஐத் தொடாதீர்கள். அவர்களுக்கும் அனுப்பாதீர்கள். ஸ்டேட்மென்டில் அனுப்பியவர் பெயரைப் பார்த்து, பாவம் என்று நீங்களாகவே அவருக்கும் அனுப்பிவிடாதீர்கள். அது வங்கி, போலீஸ் வழியாகத்தான் போக வேண்டும்.

வங்கிக் கிளைக்கு நேரில் போய், மேலாளரிடம் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். நீளமாக வேண்டாம், இவ்வளவு போதும்:

"என் கணக்கு எண் … . … தேதியன்று எனக்குத் தெரியாத ஒருவரிடமிருந்து ரூ.40,000 வந்தது (பரிவர்த்தனை எண் …). பரிசு மோசடிக்காரர்கள் சொன்னதை நம்பி அதில் ரூ.37,000-ஐ … கணக்குக்கு அனுப்பினேன் (பரிவர்த்தனை எண் …). மோசடி என்று இப்போது தெரிந்துகொண்டேன். மீதி ரூ.3,000 கணக்கிலேயே உள்ளது. அதை நிறுத்திவைக்கக் கேட்டுக்கொள்கிறேன். 1930-ல் புகார் செய்துள்ளேன், புகார் எண் … ."

இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் தேதியோடு சீல் வாங்கிக்கொள்ளுங்கள். 'சரிங்க, பார்த்துக்கறோம்' என்று வாயால் சொல்வது நாளைக்கு உதவாது. அடுத்த வாரக் கூலியைக் கணவரின் கணக்குக்குப் போடச் சொல்லுங்கள். கணக்கு முடங்கினாலும் அடுப்பு எரியும்.

1930-க்குப் பேசும் முன்

1930 என்பது இணையப் பண மோசடிக்கான தேசிய உதவி எண். இதில் சொன்னதும், பணம் போன கணக்கின் வங்கிக்குத் தகவல் போகும். பணம் அங்கே இருந்தால் நிறுத்திவைப்பார்கள். போன முதல் சில மணி நேரத்தில் சொல்வதுதான் பலன் தரும். உங்கள் முதல் இரண்டு தொகையும் போய் வாரங்கள் ஆகிவிட்டன. அவை எடுக்கப்பட்டிருக்கவே வாய்ப்பு அதிகம். 24,800-ம், நீங்கள் திருப்பிவிட்ட 37,000-ம் போய்ச் சில நாள்தான் ஆகிறது. அந்த வழியில் ஏதாவது ஒரு கணக்கு ஏற்கெனவே முடங்கியிருந்தால் கொஞ்சம் சிக்கியிருக்கலாம். வரும் என்று வாக்குக் கொடுக்க முடியாது. நான்கையும் சேர்த்தே சொல்லுங்கள்.

பேச உட்காரும்போது ஒரு தாளில் ஒவ்வொரு தொகைக்கும் தேதி, நேரம், உங்கள் வங்கி, போன கணக்கு அல்லது யு.பி.ஐ. முகவரி, பரிவர்த்தனை எண் எல்லாம் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பலரும் சறுக்குவது இந்தக் கடைசி ஒன்றில்தான். கூகுள் பேயில் ஒரு பணப் பரிமாற்றத்தைத் தொட்டால் இரண்டு எண்கள் தெரியும். எழுத்தும் எண்ணும் கலந்து நீளமாக இருப்பது கூகுளின் சொந்த எண்; வங்கிக்கு அது பயன்படாது. 'யு.பி.ஐ. டிரான்ஸாக்ஷன் ஐ.டி.' என்று வெறும் 12 இலக்கத்தில் இருப்பதைத்தான் கொடுக்க வேண்டும்.

24,800-க்கு உங்கள் போனில் எதுவும் இருக்காது. அது கடைக்காரர் கணக்கிலிருந்து போனது. அவரிடம் போய் அந்த 12 இலக்க எண்ணையும் ஸ்கிரீன்ஷாட்டையும் வாங்குங்கள். அவர் தயங்குவார், 'எனக்கு எதுக்கு வம்பு' என்பார். புகார் வந்தால் போலீஸ் அவரையும் கேட்கத்தான் போகிறது, முன்கூட்டியே எண்ணைக் கொடுத்துவிடுவது அவருக்கும் நல்லது என்று சொல்லுங்கள். உங்களிடம் ரொக்கம் வாங்கினார் என்று ஒரு துண்டுச் சீட்டும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அது இல்லாவிட்டால் காகிதத்தில் பணத்தை இழந்தவர் கடைக்காரர், நீங்கள் இல்லை.

பேசி முடித்ததும் குறுஞ்செய்தியில் ஒரு புகார் எண் வரும். அத்தோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் என்ற அரசுத் தளத்தில் அந்த எண்ணைப் போட்டு முழுப் புகாரையும் அன்றைக்கே ஏற்ற வேண்டும். மகனை உட்கார வைத்துச் செய்யுங்கள்.

அதுவரை வாட்ஸ்அப்பில் எதையும் அழிக்காதீர்கள். கோபத்தில் உடனே பிளாக் செய்வது, வெட்கத்தில் உரையாடலை அழிப்பது, பயத்தில் போனையே ரீசெட் செய்வது, மூன்றுமே சாட்சியத்தை நாமே தீயில் போடுவது. முதலில் 'எக்ஸ்போர்ட் சாட்' கொடுத்துக் குரல் பதிவுகளோடு மகனின் மின்னஞ்சலுக்கு அனுப்பிவையுங்கள். அவர்களுடைய எண் முழுதாகத் தெரியும்படி அவர்களின் புரொஃபைல் பக்கத்தைப் படம் பிடியுங்கள். அதன் பிறகு ரிப்போர்ட் செய்து பிளாக் செய்யுங்கள். ஏதாவது ஏ.பி.கே. கோப்பை (போனில் செயலியை நிறுவும் கோப்பு) இறக்கச் சொல்லியிருந்தாலோ, திரையைப் பகிரும் செயலியைப் போடச் சொல்லியிருந்தாலோ நீக்கிவிட்டு, வேறொரு போனிலிருந்து வங்கிக் கடவுச்சொல்லையும் யு.பி.ஐ. பின் எண்ணையும் மாற்றுங்கள்.

92 என்று ஆரம்பித்த எண்

'92 என்று ஆரம்பித்ததால் நம்ம ஊர் செல் எண் என்று நினைத்தேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். நியாயமான குழப்பம்தான், நம் நாட்டில் 92-ல் தொடங்கும் செல் எண்கள் நிறைய உண்டு. ஆனால் அதற்கு முன்னால் இருக்கும் கூட்டல் குறியைப் பாருங்கள். கூட்டல் குறியை ஒட்டி வருவது நாட்டு எண். இந்தியாவுக்கு +91, அதற்குப் பின் பத்து இலக்கம், முதல் இலக்கம் 6, 7, 8, 9-ல் ஒன்று. உங்களுக்கு வந்தது +92 3… என்று போகிறது. +92 பாகிஸ்தானின் எண்; அங்கே செல் எண்கள் 3-ல் தொடங்கும். +234 நைஜீரியா, +44 பிரிட்டன், +62 இந்தோனேசியா, +84 வியட்நாம். இந்த எண்களிலிருந்து இந்திய லாட்டரிக்கு மேனேஜர் யாரும் கூப்பிட மாட்டார். அதற்காக அந்த ஆள் அந்த நாட்டில்தான் உட்கார்ந்திருக்கிறான் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். வெளிநாட்டு எண்ணை வாங்கி வாட்ஸ்அப்பை இங்கிருந்தும் ஓட்டலாம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு: +91 என்று இருப்பதாலேயே நல்ல எண் ஆகிவிடாது. தமிழ் பேசிய பெண்ணின் எண் +91-தான். அந்த சிம் யாருடைய ஆதாரில் வாங்கியதோ! ட்ரூகாலரில் 'ஆர்.பி.ஐ. ஆபீசர்' என்று காட்டியது என்கிறீர்கள். அந்தப் பெயர் யாரும் சரிபார்த்துப் போட்டதில்லை. எண்ணை வைத்திருப்பவரே போட்டுக்கொள்ளலாம், பத்துப் பேர் தங்கள் போனில் அப்படிச் சேமித்தாலும் வரலாம்.

குறுஞ்செய்திக்கு ஓர் எளிய சோதனை இருக்கிறது. அரசும் வங்கியும் செய்தி அனுப்பும்போது பத்து இலக்க எண் வராது, எழுத்தாலான பெயர் வரும். 2025-லிருந்து அந்தப் பெயரின் கடைசியில் கோடு போட்டு ஓர் ஆங்கில எழுத்தும் சேர்கிறது: அரசு என்றால் 'ஜி', சேவை என்றால் 'எஸ்', பரிவர்த்தனை என்றால் 'டி', விளம்பரம் என்றால் 'பி'. பரிசு, ரிசர்வ் வங்கி, வருமான வரி என்று பத்து இலக்க செல் எண்ணிலிருந்து செய்தி வந்தால் படிக்க வேண்டியதே இல்லை.

இப்படிப் பணம் போகாத, சந்தேக அழைப்புகளை மட்டும் சொல்ல, மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் 'சக்ஷு' என்ற பகுதி உண்டு. பணம் போயிருந்தால் அங்கே நேரத்தைக் கழிக்காமல் 1930-க்குப் போக வேண்டும்.

மகனுக்கு வந்த மின்னஞ்சல்

அந்தக் கடிதத்தை இணைத்திருக்கிறீர்கள். அனுப்பியவர் பெயர் 'ரிசர்வ் வங்கி' என்று இருக்கிறது. பெயரை யாரும் எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். அதைத் தொட்டால் விரியும் முகவரியைத்தான் பார்க்க வேண்டும். இதில் 'அட்' குறிக்குப் பின்னால் இருப்பது இலவச ஜிமெயில். ரிசர்வ் வங்கியின் முகவரி ஆர்பிஐ டாட் ஓஆர்ஜி டாட் இன் என்று முடியும். கெட்டிக்காரர்கள் இதையும் நடுவில் செருகி, பின்னால் வேறொரு பெயரை ஒட்டுவார்கள். அதனால் முகவரியை வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கமாகப் படிக்கப் பழகச் சொல்லுங்கள். உரிமையாளர் யார் என்பது கடைசிப் பகுதியில்தான் இருக்கும். வங்கிகளைப் பொறுத்தவரை, 2025 அக்டோபர் கடைசிக்குள் தளங்களை 'டாட் பேங்க் டாட் இன்' என்ற முடிவுக்கு மாற்ற ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. மகன் கணினியில் ஜிமெயிலைத் திறந்து 'ஷோ ஒரிஜினல்' கொடுத்தால் எந்தத் தளத்திலிருந்து வந்தது என்று தெரியும். அங்கே 'பாஸ்' என்று வந்தாலும் ஏமாற வேண்டாம். அந்த ஜிமெயிலிலிருந்துதான் வந்தது என்பதற்கு மட்டுமே அது சான்று. அனுப்பியவன் யோக்கியன் என்பதற்கு இல்லை.

முகவரியைக்கூட விடுங்கள். ரிசர்வ் வங்கி தனி ஆட்களுக்குக் கணக்கு வைப்பதில்லை, பரிசுப் பணத்தைப் பிடித்து வைத்து விடுவிப்பதும் இல்லை. இது தெரிந்திருந்தால் முத்திரை எவ்வளவு அழகாக இருந்தாலும் கடிதம் செல்லாது.

வரி விஷயமும் அப்படியே. லாட்டரிப் பரிசுக்கு வருமான வரி 30 சதவீதம் என்று அவர்கள் சொன்னது உண்மை. பொய்யில் கொஞ்சம் உண்மை கலந்தால்தானே செல்லும். ஆனால் அதைப் பரிசு கொடுப்பவரே பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார். 25 லட்சம் என்றால் 7,50,000 பிடித்துக்கொண்டு 17,50,000 கைக்கு வரும். 38,000 என்பது எந்தக் கணக்கிலும் வராத தொகை. பரிசு காராகவோ நிலமாகவோ இருந்தால் மட்டும், வரி கட்டியாயிற்றா என்று பார்த்துவிட்டுத்தான் பொருளைக் கொடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. 'கார் விழுந்திருக்கிறது' என்று வரும் மோசடிகள் ஒட்டிக்கொள்வது இந்த ஓட்டையில். ஜி.எஸ்.டி. லாட்டரிச் சீட்டு விற்பனை மேல் விழும் வரி. பரிசு வாங்குபவரிடம் கேட்பதே கிடையாது.

கேஸ் உங்கள் மேல் வருமா?

லாட்டரித் தடையை வைத்து வராது. 2003 ஜனவரியிலிருந்து தமிழ்நாட்டில் லாட்டரி விற்பனைக்குத் தடை. 1998-ம் ஆண்டு லாட்டரி ஒழுங்குமுறைச் சட்டப்படி, தடை உள்ள மாநிலத்துக்குள் சீட்டு விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. ஊருக்குள் ஓடும் மூணு நம்பர் லாட்டரிக்கு இந்தக் கணக்கு பொருந்தும். நீங்கள் சீட்டே வாங்கவில்லை. லாட்டரி என்ற பெயரில் ஏமாற்றப்பட்டிருக்கிறீர்கள். சட்டத்தின் கண்ணில் நீங்கள் பாதிக்கப்பட்டவர். எதிரி மேல் பாரதிய நியாய சன்ஹிதாவில் மோசடிக்கு 318, ஆள்மாறாட்ட மோசடிக்கு 319, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 66டி ஆகிய பிரிவுகளில் வழக்கு வரும்.

'கேரளாவில் விழுகிறதே, இது மட்டும் எப்படிப் பொய்யாகும்' என்று கேட்டிருந்தீர்கள். விழுகிறதுதான். 2023 ஓணம் பம்பரில் 25 கோடி முதல் பரிசு வாளையாறில் விற்ற சீட்டுக்கு விழுந்து, நம் திருப்பூர்ப் பக்கத்து ஆட்களுக்கே போனது. ஆனால் அவர்கள் கையில் 500 ரூபாய் கொடுத்து வாங்கிய காகிதச் சீட்டு இருந்தது. கேரள அரசு லாட்டரி காகிதச் சீட்டாகத்தான் விற்கப்படுகிறது. வாட்ஸ்அப்பிலோ செயலியிலோ விற்பது கிடையாது. பரிசு விழுந்தால் அந்தச் சீட்டைக் கொடுத்து 30 நாளுக்குள் நீங்கள்தான் தேடிப் போய்க் கேட்க வேண்டும். அவர்களாகக் கூப்பிட்டுச் சொல்ல, சீட்டு யாரிடம் இருக்கிறது என்று அவர்களுக்கே தெரியாது. 'சிம் கார்டு குலுக்கல்' என்று ஒன்று எங்கேயும் கிடையாது.

புகாரை திருப்பூர் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்திலோ, உங்கள் பகுதி நிலையத்திலோ கொடுக்கலாம். 'இது எங்க எல்லை இல்லை' என்று திருப்பி அனுப்ப இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் (பி.என்.எஸ்.எஸ். 173) இடமில்லை. புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள். பதிவு செய்ய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம். அதற்கும் அசையாவிட்டால் நீதித்துறை நடுவரிடம் போகலாம். வழக்குக்குப் பெண்கள் வருமான வரம்பு இல்லாமல் இலவசச் சட்ட உதவி பெறலாம். 15100-க்குக் கூப்பிட்டால் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் வழி சொல்வார்கள்.

வங்கி திருப்பித் தருமா?

இதில் உங்கள் நினைப்பைத் திருத்த வேண்டியிருக்கிறது. மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் வங்கி முழுப் பணத்தையும் தரும் என்று கேள்விப்பட்டதாக எழுதியிருக்கிறீர்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் கொண்டுவந்த விதியில் அப்படி இருப்பது உண்மை. அது உங்களுக்கோ வங்கிக்கோ தெரியாமல் வெளியார் புகுந்து எடுத்த பணத்துக்கு. நீங்களே பின் எண் போட்டு அனுப்பிய பணம் அதில் வராது. வங்கியோடு சண்டை போடுவதில் சக்தியைச் செலவழிக்க வேண்டாம். பணம் திரும்ப ஒரே வழி, எதிர்க் கணக்கில் ஏதாவது சிக்கி நிற்பதுதான். நின்றால், நடுவர் நீதிமன்றத்தில் மனுப் போட்டு உங்களுக்கு விடுவிக்கச் சொல்லி உத்தரவு கேட்கலாம்.

ஆதார், பான் போனதற்கு: ஆதார் நகலை வைத்து மட்டும் கணக்கிலிருந்து பணம் எடுக்க முடியாது, பதற வேண்டாம். ஆதார் அமைப்பின் செயலியில் கைரேகையைப் பூட்டி வையுங்கள், சந்தேகத்துக்கு 1947. உங்கள் பெயரில் புதிதாக சிம் வாங்கியிருக்கிறார்களா என்று சஞ்சார் சாத்தி தளத்தில் மகன் பார்க்கட்டும். பான் எண்ணில் யாராவது கடன் வாங்கியிருக்கிறார்களா என்பது சிபில் என்ற கடன் வரலாற்று அறிக்கையில் தெரியும். வருடத்துக்கு ஒன்று இலவசம். மூன்று மாதம் கழித்து எடுத்துப் பாருங்கள், இன்றைக்கே எடுத்தால் புதுக் கடன் அதில் ஏறியிருக்காமல் போகலாம்.

வீட்டுக்காரரிடம்

தெரியாமல் செய்ய முடியாதுங்க. புகார் கொடுத்தால் போலீஸிலிருந்து போன் வரும், ஒருவேளை வீட்டுக்கே வருவார்கள். கணக்கு முடங்கினால் கூலி வராத அன்று எப்படியும் தெரியும். போலீஸ் வாயால் தெரிவதைவிட உங்கள் வாயால் தெரிவது மேல். இரவு தறி நிறுத்திய பிறகு, மகனையும் வைத்துக்கொண்டு, முதலில் தொகையைச் சொல்லுங்கள்: 48,500. சுற்றி வளைத்தால் அவர் மனதில் தொகை லட்சமாகப் பெருகும். அடுத்ததாக அந்த 40,000-ஐச் சொல்லுங்கள், நாளைக்கு வங்கிக்குக் கூட வர வேண்டும் என்று கேளுங்கள். இந்த 48,500-ல் மகளிர் குழுக் கடனிலிருந்து எடுத்தது எவ்வளவு என்பதையும் மறைக்க வேண்டாம்; அடுத்த தவணைக்கு வழி அவரும் சேர்ந்துதான் பார்க்க வேண்டும்.

இன்னும் ஒன்று. பிளாக் செய்த சில நாளில் வேறு எண்ணிலிருந்து ஒருவர் கூப்பிடக்கூடும். சைபர் கிரைம் இன்ஸ்பெக்டர் என்றோ வக்கீல் என்றோ சொல்வார். உங்கள் பெயர், போன தொகை, தேதி எல்லாம் சரியாகச் சொல்வார். ஏனென்றால் அதே கும்பலிடம் அந்த விவரம் இருக்கிறது. 48,500-ஐ மீட்டுத் தருகிறேன், கோர்ட் பீஸ் 5,000 போடுங்கள் என்பார். பிடித்த பணத்தைத் திருப்பித் தர போலீஸ் கட்டணம் வாங்குவதில்லை. 'சி.எஸ்.ஆர். எண் சொல்லுங்க' என்று கேட்டுப் பாருங்கள், லைன் கட் ஆகிவிடும். அந்த எண்ணையும் புகாரில் சேர்த்துவிடுங்கள்.